செங்கல் சொல்லும் கோட்டை, கூரையில் நிற்கும் துரை

குனோங் ராபாட்டிலிருந்து கோப்பெங் சாலையில் தெற்கே போனால், சுண்ணாம்புக் குன்றுகளும் சாலையோர பம்பளிமாஸ் கடைகளும் கொஞ்ச தூரம் கூடவே வரும். சிம்பாங் பூலாய் தாண்டியதும் குன்றுகள் விலகிக்கொள்ளும். கோப்பெங்கை நெருங்கும்போது பத்து காஜாவுக்குப் பிரியும் சாலையில் திரும்ப வேண்டும். இரு பக்கமும் மரங்கள் அடர்ந்த அந்தச் சாலையில் திடீரென ஒரு மேட்டின்மேல் காவி நிறத்தில் ஒரு சதுரக் கோபுரம் எழுந்து நிற்கும். பார்க்காமல் கடந்துபோக முடியாத இடத்தில்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

கெல்லி கோட்டை என்று நாம் சொல்லும் கெல்லிஸ் காசல் அது. ஈப்போவில் வளர்ந்தவர்களில் பள்ளிச் சுற்றுலாவுக்கு அங்கே போகாதவர்கள் குறைவு. போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பேய்க் கதை வரும், சுரங்கப்பாதைக் கதை வரும், மனைவிமேல் வைத்த காதலுக்காகத் துரை கட்டிய மாளிகை என்ற கதை வரும். திருமணப் படம் எடுக்கப் போனவர்கள் வெளிச்சம் எந்த நேரத்தில் நன்றாக விழும் என்பதையும் சொல்வார்கள். அதைக் கட்டியவர்கள் யார் என்பது மட்டும் பேச்சில் கடைசியாக வரும். பல நேரம் வராமலேயே போய்விடும். அந்தச் சுவர்களை எழுப்பியவர்கள் சென்னை ராஜதானியிலிருந்து வந்த நம்மவர்கள். இந்தக் கட்டுரை அவர்கள் பக்கம் நின்று அந்தக் கட்டடத்தைப் பார்க்கும் முயற்சி.

முதலில் துரையின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வில்லியம் ஸ்மித் 1870-ல் ஸ்காட்லாந்தின் மோரே பகுதியில் கெல்லாஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். சார்ல்ஸ் அல்மா பேக்கர் என்பவரின் நில அளவை நிறுவனத்தில் சேர்ந்தார். பத்து காஜா வட்டாரத்தில் காட்டை வெட்டித் திருத்தும் குத்தகை பேக்கரிடம் இருந்தது. அதில் கிடைத்த பணத்தில் கிந்தாவில் சுமார் 1,000 ஏக்கர் காட்டு நிலம் வாங்கி ரப்பர் பயிரிட்டார். ஈயத்திலும் கை வைத்தார். தோட்டத்துக்குத் தன் ஊர்ப் பெயரையே சேர்த்துக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். தன் பெயரோடு தாய்வழிப் பெயரான கெல்லியையும் சேர்த்துக்கொண்டார். 1903-ல் ஊருக்குப் போய் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்துவந்தார். அடுத்த ஆண்டு மகள் ஹெலன் பிறந்தாள். 1909-ல் அந்த மேட்டில் முதல் மாளிகை எழுந்தது. அதன் பெயர் கெல்லாஸ் ஹவுஸ். 1915-ல் மகன் பிறந்தான். அதே ஆண்டு அதைவிடப் பெரிய வீட்டுக்கு அடித்தளம் போடப்பட்டது. 1926 டிசம்பரில் லிஸ்பன் நகருக்குப் போன துரை அங்கே நிமோனியா கண்டு இறந்தார். வயது 56. ஆக்னஸ் பிள்ளைகளோடு தாயகம் திரும்பினார். சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு கம்பெனி கைக்குப் போனது. கட்டடம் பாதியில் நின்றது.

பாதியில் நின்றதுதான் நமக்குக் கிடைத்த லாபம் என்பது என் எண்ணம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு தோட்டத் துரைக்கு எதற்கு ஆறு மாடிக் கோபுரம்? இந்தக் கேள்விக்குப் பதில் கிந்தாவில் இல்லை; அவர் விட்டுவந்த தீவுகளில் இருக்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நிலக்கிழார்கள் கிராமப்புறத்தில் கட்டிக்கொண்ட பெரிய வீடு என்பது குடியிருக்க மட்டும் கட்டியதல்ல. எந்த நிலத்திலிருந்து வருமானம் வருகிறதோ அந்த நிலத்தின் நடுவே, எல்லார் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டும். ஆறு ஓடினால் அதன் பக்கம் முகம் திரும்பியிருக்க வேண்டும். வருகிறவர் நீண்ட பாதையில் மெல்ல மெல்ல நெருங்கி வரும்போது வீடு பெரிதாகிக்கொண்டே போக வேண்டும். அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் லிஃபி ஆற்றங்கரையில் காசல்டவுன் மாளிகை இருக்கிறது. 1722-ல் நாடாளுமன்ற சபாநாயகர் வில்லியம் கானலிக்காகக் கட்டத் தொடங்கியது. நடுவில் நெடிய கல் மாளிகை, இரு கைகளை நீட்டியதுபோல வளைந்த தூண் வரிசைகள், அதற்குமுன் மரங்கள் அணிவகுத்த பாதை. கானலி மறைந்த பிறகு 1740-ல் கடும் பஞ்சம் வந்தது. பட்டினி கிடந்த சுற்றுவட்டார மக்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று அவர் மனைவி கேத்தரின் ஒரு நெடிய கல் தூணைக் கட்டவைத்தார். எந்தப் பயனும் இல்லாத அலங்காரத் தூண். உயரம் 42 மீட்டர். இன்றும் அதற்குக் கானலி குடும்பத்தின் பெயர்தான். கல் சுமந்தவர்களின் பெயர் அதில் இல்லை.

கெல்லி துரையும் அதே இலக்கணத்தில்தான் இடம் பார்த்திருக்கிறார். மேடு, கீழே கிந்தா ஆற்றில் போய்ச் சேரும் ராயா ஆறு, சுற்றிலும் சொந்த ரப்பர் மரங்கள். இன்று நுழைவாயிலிலிருந்து ஆற்றைக் கடந்துதான் மேட்டில் ஏறுகிறோம். ஒவ்வொரு படியிலும் கோபுரம் தலைக்குமேல் வளர்ந்துகொண்டே போகும். கால்களுக்குத் தெரியும் அந்தக் கணக்கு.

ஆனால் மேலே போய் நின்று பார்த்தால் ஸ்காட்லாந்து அங்கே பாதிதான். சதுரக் கோபுரம் வடக்கத்திக் கோட்டைகளை நினைவூட்டும். சன்னல்களின் குதிரைலாட வளைவுகள் மூர் மக்களின் பாணி. தூண்கள் கிரேக்க ரோமானியச் சாயல். தாழ்வாரங்களின் அகலமும், வெயில் உள்ளே விழாமல் காற்று மட்டும் ஓடும் அமைப்பும் சென்னையைப் பார்த்தவர்களுக்குப் பழகிய முகம். இந்தோ சாரசெனிக் என்று கட்டடக் கலைஞர்கள் சொல்லும் கலப்புப் பாணி அது. சென்னை உயர் நீதிமன்றமும் (1892) எழும்பூர் ரயில் நிலையமும் (1908) அந்த வகை. நம் பக்கம் கோலாலம்பூர் ரயில் நிலையமும் (1910) கோலகங்சாரின் உபுடியா மசூதியும் (1917) அதே குடும்பம். கடைசி இரண்டையும் வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். நம் ஈப்போ ரயில் நிலையமும் அவர் கைவண்ணமே. கெல்லி துரை வீட்டுக்கு அடித்தளம் போட்ட அதே ஆண்டுகளில்தான் ஈப்போவில் அந்த வெள்ளைக் குவிமாடமும் எழுந்துகொண்டிருந்தது.

அந்தப் பாணியில் வரைபடம் போடுவது ஒரு வேலை. அதைச் செங்கல்லில் நிறுத்துவது வேறு வேலை. அந்த வேலைக்குப் பழகிய கைகள் சென்னை ராஜதானியில் இருந்தன. இருபது, முப்பது ஆண்டுகளாக நீதிமன்றம், கல்லூரி, ரயில் நிலையம் என்று வளைவு வளைவாகக் கட்டிப் பழகிய கொத்தனார் தலைமுறை அது. துரை அங்கிருந்து 70 கைவினைஞர்களை வரவழைத்தார் என்பது கோட்டை வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் எண். செங்கல்லும் சலவைக்கல்லும்கூட இந்தியாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள். சென்னையிலாவது குத்தகைதாரர் பெயர் நின்றது. உயர் நீதிமன்றத்தைக் கட்டியவர் நம்பெருமாள் செட்டி என்றும், எழும்பூர் நிலையத்தைக் கட்டியவர் சாமிநாத பிள்ளை என்றும் நகர வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். கெல்லி கோட்டை பற்றிய பேச்சில் துரை பெயர் தெரியும், மனைவி பெயர் தெரியும், சின்ன மகளின் பெயர்கூடத் தெரியும். அந்த 70 பேரில் ஒருவர் பெயரையும் நாம் சொல்லக் கேட்டதில்லை.

பூச்சு விழாத சுவர்

பாதியில் நின்றது லாபம் என்றேனே, அதற்கு வருகிறேன். வீடு முடிந்திருந்தால் சுவர் முழுக்க வழுவழுப்பான பூச்சு ஏறியிருக்கும். ஓவியம், திரைச்சீலை, விளக்கு எல்லாம் வந்திருக்கும். துரையின் ரசனையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். பூச்சு முழுமையாக ஏறாமல் நின்றதால் பெரும்பகுதிச் சுவர்களில் செங்கல் அப்படியே தெரிகிறது. கட்டியவரின் கையெழுத்து அது.

அடுத்த முறை போகும்போது ஒரு வளைவின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். செங்கல் வளைவு என்பது ஏமாற்று வேலை தெரியாத வேலை. முதலில் மரத்தால் வளைவு வடிவில் சாரம் கட்ட வேண்டும். அதன்மேல் இரு பக்கமிருந்தும் ஒரே வேகத்தில் கல் அடுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு பக்கம் வேகமாக ஏறிவிட்டால் பாரம் சாய்ந்து சாரமே நகர்ந்துவிடும். ஒவ்வொரு கல்லும் உள்பக்கம் சற்றே ஒடுங்கி ஆப்பு போல இருக்க வேண்டும். இல்லையென்றால் இடையில் போடும் கலவையை மேலே கனமாகவும் கீழே மெல்லியதாகவும் வைத்து அந்தச் சாய்வைக் கொண்டுவர வேண்டும். உச்சியில் கடைசிக் கல் இறுகிய பிறகுதான் வளைவு தன் காலில் நிற்கும். அதுவரை எல்லாப் பாரமும் சாரத்தின்மேல். கலவை இறுகிச் சாரத்தைப் பிரிக்கும் நாளில் கொத்தனார் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். குதிரைலாட வளைவு இன்னும் சிரமம். அது அடியில் உள்பக்கமாகக் குறுகி வருவதால் தொடக்கத்திலேயே கல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இத்தனையும் கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல் ஆகியவற்றைக் கொண்டு செய்தது. அந்த வளைவுகள் நூறு ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் நின்றுகொண்டிருக்கின்றன. கிந்தா மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 1909-ல் கட்டி முடித்து, குடும்பம் வாழ்ந்த கெல்லாஸ் ஹவுஸ் பின்பக்கம் இடிபாடாகக் கிடக்கிறது. முடிந்த வீடு சிதைந்துபோனது. முடியாத வீடு நிற்கிறது. பிற்காலத்தில் அரசின் பராமரிப்பு கிடைத்தது ஒரு காரணம். கட்டு பலம் மற்றொரு காரணம்.

கோபுரத்துக்குள் இருக்கும் வெற்றுக் கூடு லிஃப்டுக்காக விட்டது. பொருத்தியிருந்தால் மலாயாவிலேயே முதல் லிஃப்ட் அதுவாக இருந்திருக்கும் என்பார்கள். மொட்டை மாடியில் விருந்து வைக்க இடம், மதுபானங்களை வைக்க நிலவறை, வீட்டுக்குள்ளேயே டென்னிஸ் ஆட ஓர் இடம் என்று திட்டம் பெரிதாகத்தான் இருந்தது. இந்தத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1910 வாக்கில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டுகளில்தான் கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம் கிராமங்களுக்குத் திரும்பிப் போய்ச் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டமாக அழைத்துவந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, நோய்த் தடுப்புக்காகத் தனிமை முகாமில் சில நாள் இருந்து, பிறகு தோட்டத்துக்கு. கோட்டையின் செங்கல்லை அடுக்கியவர்கள் கொத்தனார்கள். அந்தச் செங்கல்லை வாங்கிய காசு, விடியலில் மரம் சீவிய ஆண் பெண் எல்லாருடைய உழைப்பு. எங்கள் பாட்டிகள் தலைமுறையில் வாளியும் காண்டாவும் தூக்கியவர்கள் அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தராமலே அறிந்திருந்தார்கள். உலகப் போருக்குப் பிறகு, 1920-ல் ரப்பர் விலை சரிந்தபோது முதலில் அடிபட்டதும் கூலியாட்கள்தான்.

மாரியம்மனைக் கேட்டவர்கள்

இடையில் 1918 வந்தது. ஸ்பானிஷ் காய்ச்சல் என்று உலகம் பெயரிட்ட விஷக்காய்ச்சல் அந்த ஆண்டின் பிற்பகுதியில் மலாயாவின் தோட்டங்களுக்குள் புகுந்தது. ஒரே லயத்தில் நெருக்கி வாழ்ந்தவர்களிடையே அது எப்படிப் பரவியிருக்கும் என்று கோவிட் காலத்தைப் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை அது கொண்டுபோனது. கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும் காலம். ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமலே இங்கே செத்தவர்களும் உண்டு. இங்கே மகன் இருக்கிறானா என்று தெரியாமலே அங்கே காத்திருந்தவர்களும் உண்டு.

கோட்டை வேலையில் இருந்தவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் அடுத்தடுத்து விழுந்தார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய் ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது மாரியம்மனை. இது தற்செயல் அல்ல. அம்மை போட்டாலும் கொள்ளைநோய் வந்தாலும் ஊர் எல்லையில் நின்று காப்பவள் அவள். வேப்பிலையும் மஞ்சளும் கூழும் அவளுக்கான மருந்துச்சீட்டு. மலாயாத் தோட்டங்களில் அவளுக்குக் கோயில் இல்லாத தோட்டம் அரிது. துரை சம்மதித்தார். கோட்டையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் எழுந்தது. கோட்டைக்கும் கோயிலுக்கும் இடையே சுரங்கப்பாதை இருப்பதாக இன்றும் பேச்சு உண்டு.

துரை சம்மதித்ததைப் பெரிய மனசு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது. கோயில் இருக்கும் தோட்டத்தைவிட்டு ஆட்கள் சுலபத்தில் ஓடமாட்டார்கள் என்பது அன்றைய துரைமார் பலரும் அறிந்த நிர்வாகக் கணக்கு. கோயிலுக்கு நிலம் கொடுத்த அதே நிர்வாகங்கள் கள்ளுக்கடைக்கும் இடம் கொடுத்தன. ஆனால் இந்தத் துரை தமிழர்களோடு நெருங்கிப் பழகியவர், நம் சமயத்தில் ஈடுபாடு கொண்டவர் என்ற பேச்சும் வட்டாரத்தில் நிலைத்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்திருக்கலாம். மனிதர்கள் அப்படித்தான்.

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது அதன்பிறகு நடந்ததுதான். கோயிலைக் கட்டியவர்கள் கூரையில் சுதைச் சிற்பங்களை வைத்தபோது, தெய்வ உருவங்களுக்கு நடுவே ஓர் ஆளை நிறுத்தினார்கள். வெள்ளை உடை, தலையில் துரைமார் தொப்பி. கெல்லி துரை.

வெளிநாட்டுப் பயணக் குறிப்புகளில் இதைப் படிக்கும்போது தொழிலாளர்கள் அவரைக் கடவுளாக்கிவிட்டார்கள் என்று எழுதியிருப்பார்கள். அப்படி எழுதியவர்கள் தமிழ்நாட்டுக் கோயில் எதையும் நின்று பார்த்திருக்கமாட்டார்கள். கோயிலுக்குக் கொடுத்தவரின் உருவத்தைக் கோயிலிலேயே வைப்பது நம்மிடம் நெடுநாள் வழக்கம். மதுரைப் புது மண்டபத்தில் திருமலை நாயக்கரும் அவர் முன்னோரும் மனைவியரோடு தூண்களில் நிற்கிறார்கள். யாரும் அவர்களுக்குப் பூசை செய்வதில்லை. கொடையாளி வேறு, குலதெய்வம் வேறு என்பது கும்பிட வந்த கிழவிக்கும் தெரியும்.

வெள்ளைக்காரரைக் கொடையாளி வரிசையில் சேர்த்துக்கொள்வதும் புதிதல்ல. மதுரையில் 1812 முதல் 1828 வரை கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர், மீனாட்சி அம்மனின் குதிரை வாகனத்துக்குத் தங்க அங்கவடி செய்துகொடுத்தார். மக்கள் அவரைப் பீட்டர் பாண்டியன் ஆக்கிவிட்டார்கள். மதுராந்தகத்தில் ஏரி உடையாமல் காத்தது ராமர்தான் என்று நம்பிய கலெக்டர் லயனல் பிளேஸ், தாயார் சந்நிதி கட்டக் கைகொடுத்தார். அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இன்றும் இருக்கிறது. கிந்தா கெல்லாஸ் தொழிலாளர்கள் செய்ததும் இதையேதான். ஊரில் பார்த்ததைக் கடல் கடந்தும் செய்தார்கள். கொடுத்தவரைக் குறித்துவைப்பது நம் கடமை என்றார்கள். சுதையில் குறித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று துரை எழுப்பிய மாளிகை முடியவே இல்லை. அவர் செய்த சின்ன உதவியைக் கூலிக்காரர்கள் மறக்காமல் உருவமாக்கி வைத்தார்கள். அந்த உருவத்தைச் செய்தவர் தன் பெயரை எங்கும் எழுதிவைக்கவில்லை.

அயர்லாந்தில் ஒரு வீடு

காசல்டவுனைச் சொன்னேன். அதே நாட்டில் இன்னொரு வீடும் இருக்கிறது; நாம் அதைத்தான் கவனிக்க வேண்டும். அயர்லாந்தின் கிராமப்புற மாளிகைகள் அங்குள்ள சாதாரண மக்களுக்கு இனிய நினைவு அல்ல. குத்தகை கட்ட முடியாமல் வெளியேற்றப்பட்ட தாத்தாக்களின் நினைவு. 1920 முதல் 1923 வரை நடந்த போராட்டத்திலும் உள்நாட்டுச் சண்டையிலும் இருநூற்றுக்கும் மேற்பட்ட மாளிகைகளுக்குத் தீ வைத்தார்கள். தப்பியவற்றில் ஒன்று ரோஸ்காமன் மாவட்டத்தின் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க். 1847-ல், உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் உச்சத்தில், அதன் உரிமையாளர் டெனிஸ் மகோன் தன் குத்தகைக் குடிகளில் 1,490 பேரைக் கனடாவுக்கு அனுப்பினார். டப்ளின் வரை நடந்தே போனார்கள். லிவர்பூலில் கப்பல் ஏறினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் வழியிலும் கனடாவின் தனிமை முகாமிலும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மகோன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1979-ல் அந்த வீட்டையும் நிலத்தையும் உள்ளூர் வியாபாரி ஒருவர் வாங்கினார். பழைய எஸ்டேட் அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் காகிதங்கள் கிடந்தன. புரட்டிப் பார்த்தால் பட்டினி கிடந்த குடிகள் துரைக்கு எழுதிய மனுக்கள். அவர் அவற்றை எரிக்கவில்லை. 1994-ல் அந்த மாளிகையின் குதிரைலாயப் பகுதியிலேயே தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அங்கே போகிறவர்கள் துரையின் விருந்து மேசையையும் பார்க்கிறார்கள். சில அடி தள்ளி அந்த மேசைக்குக் குத்தகை கட்டியவர்களின் மனுவையும் படிக்கிறார்கள். அந்த 1,490 பேர் நடந்த வழி இப்போது டப்ளின் வரை 165 கிலோமீட்டர் நடைபாதையாக அடையாளம் இடப்பட்டிருக்கிறது. வெறுக்கப்பட்ட வீட்டை இடிக்காமல், அதன் கதையை முழுதாகச் சொல்லி, எல்லாருக்கும் உரியதாக்கிக்கொண்டார்கள்.

கெல்லி கோட்டையை யாரும் வெறுக்கவில்லை. நம் ஆபத்து வேறு. பேயும் காதலும் சுரங்கமும் சுவாரசியமாக இருப்பதால் மற்றது தானாகவே உதிர்ந்துவிடும். அதோடு, அந்த மற்றதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் சட்டம் வந்தபோது குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் ஏறி ஊர் திரும்பினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடங்களில் தாமான்கள் வந்தன. லயத்துச் சனங்கள் ஈப்போவுக்கும் குனோங் ராபாட்டுக்கும் புந்தோங்குக்கும் பிரிந்து வந்துவிட்டார்கள். தோட்டம் போகும்போது முதலில் ஆட்கள் போனார்கள், அப்புறம் பள்ளி போனது. கோயில்தான் கடைசிவரை நின்றது. திருவிழாவுக்காவது எல்லாரும் திரும்பி வருகிறார்கள். பல தோட்டங்களில் அந்தக் கோயிலுக்கும் நிலப் பிரச்சினை.

இப்போதும் செய்யக்கூடியது இருக்கிறது. கிந்தா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்யுங்கள். எந்த ஊர், எந்தக் கங்காணி, எந்த ஆண்டு கப்பல், எந்தத் தோட்டத்தில் முதல் வேலை, அப்பாவின் தொழில் கொத்தா, பால்வெட்டா? பழைய பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். தகரப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட், திருவிழா நோட்டீஸ் எதுவாவது கிடக்கும். ஸ்ட்ரோக்ஸ்டவுனிலும் குப்பை என்று நினைத்த காகிதம்தான் அருங்காட்சியகம் ஆனது. கோட்டைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிறவர்களும் ஒரு வரி கூடுதலாகச் சொல்லலாம். இந்த வளைவுகளைக் கட்டியவர்கள் இங்கேயே நோயில் விழுந்தார்கள், அவர்கள் கட்டிய கோயில் அருகில் இருக்கிறது என்ற ஒரு வரி போதும்.

பள்ளி விடுமுறையில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலையில் போனால் வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடிவரை பார்த்துவிடலாம். படிகள் குறுகலானவை. சில மூலைகளில் கைப்பிடிச் சுவர் தாழ்வு, சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் பத்து காஜா தாண்டித் தஞ்சோங் துவாலாங்கில் இருக்கும் டி.டி.5 ஈயக் கப்பலையும் சேர்த்துப் பாருங்கள். 1938-ல் கட்டியது, 4,500 டன் எடை. கிந்தாவின் இன்னொரு பாதிக் கதை அங்கே மிதக்கிறது.

ஆனால் அதற்குமுன் கோட்டையிலிருந்து மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். காரில் சில நிமிடம். செருப்பைக் கழற்றிவிட்டு அம்மனைக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து கூரையை அண்ணாந்து பாருங்கள். தெய்வ உருவங்களுக்கு நடுவே தொப்பி போட்ட ஆளைப் பெரியவர்கள் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். யார் அவர் என்று கேட்பார்கள். அவரைச் செய்தது யார் என்றும் கேட்பார்கள்.